மூன்றாவது தண்ணீர்

ஏலவார்குழலி அந்தப் பொய்யைச் சொல்லிப் பதினேழு நாள் ஆகிவிட்டது.

வாரம் தவறாமல் இந்தக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அது என்ன பொய் என்று தெரியும். தெரிந்த கோபத்தில் எனக்கு நாலு கடிதமும் போட்டிருக்கிறீர்கள். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு முகூர்த்தப் புடவை. உடல் சந்தன நிறம், கரை அரக்கு. நெய்தவன் குழலியின் தம்பி தினகரன். கரைக்கான பட்டைச் சாயப்பட்டறையிலிருந்து வாங்கி வந்தபோதே, "அக்கா, ரெண்டு தண்ணிதான் அலசியிருக்காங்க. மூணாவது தண்ணி வீட்டுல போட்டுடச் சொன்னாங்க" என்று சொல்லித்தான் அவள் கையில் கொடுத்தான். அன்றைக்குப் பார்த்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. நாளைக்கு அலசிக்கொள்ளலாம் என்று கொடியில் போட்டவள் அப்படியே மறந்துபோனாள்.

பட்டு தறியில் ஏறியது. புடவையாகி இறங்கியது. மண்டபத்தில், தாரை வார்த்த தண்ணீர் மணப்பெண்ணின் மடியில் வழிந்தபோது, கரையின் அரக்குச் சாயம் கசிந்து சந்தன உடலெங்கும் பரவிவிட்டது. நல்ல நேரத்தில் இதென்ன ரத்தக்கறை மாதிரி என்று மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள்.

ஜவுளிக் கடைக்காரர் பூவராகவன் மறுநாள் காலையிலேயே புடவையோடு வந்துவிட்டார். தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீர்செய்துகொண்டிருந்த நேரம். பத்து வீட்டு ஆட்கள் நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் அவர் புடவையை உதறிக் காட்டினார். குழலி தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு தண்ணி போடணும்னு எங்கிட்ட எப்படா சொன்ன? ஒரு வேலை ஒழுங்கா தெரியாது. நீ இருந்து என்னாடா பிரயோஜனம்?"

தினகரன் வாயைத் திறந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"இனிமே இவன் கை பட்ட துணி என் கடைக்கு வேணாம்" என்று பூவராகவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். இதுதான் நடந்தது.

இன்று செவ்வாய்க்கிழமை. குழலியின் கணவர் மயில்வாகனம் காலை ஷிப்டுக்கு ஒரகடம் போய்விட்டார். மகள் சுகாசினிக்குக் கல்லூரியில் படிப்பு விடுமுறை. படிப்பதைத் தவிர எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

ஏழு மணிக்கே உள்ளே தறிச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. குழலி கூடத்தில் ராட்டையின் முன் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். நூலோடு குறுக்கே ஓடுகிற நாடா என்ற மரக்கட்டைக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் ஊடை நூலைச் சுற்றுவதுதான் தார். இதற்கு முன்பெல்லாம் அவள் இருக்க வேண்டிய இடம் இதுவல்ல. தம்பி உடலை நெய்ய, பக்கத்திலேயே உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளுவது அவள் வேலை. பன்னிரண்டு வருஷம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள். அந்தக் காலைக்குப் பிறகு அவள் எங்கேயோ அலைந்து கரையே இல்லாத ஒரு பாவு வாங்கிவந்து தறியில் ஏற்றச் சொன்னாள். கரை இல்லாவிட்டால் பக்கத்தில் ஆள் வேண்டாம். முகத்தைப் பார்க்க வேண்டாம். கெட்டிக்காரிதான்.

தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் ஆள் நன்றாக இருக்கிறான் என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. அடுத்த வீட்டுத் தறி நின்றால்தான் எட்டிப் பார்த்து என்ன ஏது என்று கேட்பார்கள். குழலியும் அந்தத் தெருக்காரிதானே. பதினேழு நாளாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

சுகாசினி இட்லித் தட்டுக்கு எதிரே போனைச் சாம்பார்க் கிண்ணத்தில் சாய்த்து வைத்திருந்தாள். போனில் ஓடிய தொடரில் ஒரு கொரியாக்காரி தமிழில் பேசிக்கொண்டிருந்தாள்.

"சாப்புடுற நேரத்துல அந்த எமலோகத்துக் கதைய நிறுத்துடி. வீட்டுக்கு ஆவாது."

"எமலோகம் இல்லம்மா. ஆத்தங்கரை." சுகாசினி போனைத் திருப்பிக் காட்டினாள். பனி மூடிய ஒரு ஆறு, கரையில் ஒரு சின்ன டிக்கெட் கவுண்டர், உள்ளே நீலச் சீருடையில் ஒரு பெண். "செத்தவங்க படகுல ஏறி அந்தப் பக்கம் போவணும். இவதான் டிக்கெட் குடுக்குறவ. ஆனா சில பேரு நேரம் வர்றதுக்கு முன்னாடியே தானா வந்து நிப்பாங்க. அவங்களுக்கு மட்டும் ஒரு ரூலு. அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் டிக்கெட் குடுக்கக் கூடாது. குறுக்க பேசக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது. என்னா ஆச்சுன்னு கேட்டுட்டு உக்காந்திருக்கணும்."

"பேசி முடிச்சா?"

"பாதிப் பேரு எழுந்து வீட்டுக்குப் போயிடுறாங்க."

"மீதி பாதி?"

"அவங்களுக்கு ஒரு டீயப் போட்டுக் குடுத்து, மறுபடியும் மொதல்லருந்து சொல்லச் சொல்றா."

குழலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினேழு நாளில் முதல் சிரிப்பு. அது முடிவதற்குள் சுகாசினி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது. மாமாவும் இதை எங்கூட உக்காந்து பாத்துக்கினு இருந்தாரு. சனிக்கிழமை என்னைக் கேட்டாரு, 'இந்த மாதிரி ஒரு கவுண்டர் நெஜமாவே இருக்குமா பாப்பா'ன்னு. நான் சிரிச்சிட்டேன். 'இருந்தா உனக்கு ஒரு டீ ஓசில கெடைக்கும் மாமா'ன்னு சொல்லிட்டேன். அவரு சிரிக்கல."

"அவன் எதுக்கும்தான் சிரிக்கிறதில்ல இப்ப."

"அது இல்லம்மா." சுகாசினி எழுந்து தன் புத்தகப் பையைத் திறந்தாள். துணியில் சுற்றியிருந்ததைப் பிரித்தாள். வழுவழுவென்று தேய்ந்த ஒரு நாடா. பதினாறு வயதில் தினகரன் தனக்கென்று வாங்கியது. வேறு யாரையும் தொட விடமாட்டான். "அன்னிக்கே இதை எங்கிட்டக் குடுத்துட்டாரு. 'நீயே வெச்சுக்கோ, எனக்கு வேணாம்'னாரு. இந்தக் கதையிலயும் ஒருத்தர் இப்படித்தான்மா எல்லாத்தையும் ஆளுக்கு ஒண்ணா குடுத்துட்டு வருவாரு. எனக்கு பயமா இருக்குது. அன்னிக்கே உங்கிட்ட சொல்லியிருக்கணும். நீ மாமா பேச்ச எடுத்தாலே எழுந்து போயிடுற."

குழலி நாடாவைக் கையில் வாங்கினாள். கரையில்லாத பாவுக்கு ஒரே ஒரு நாடாதான். மற்ற நாடாக்களைக் கரைத் தறி நின்ற அன்றே அவள் எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள். அந்த ஒன்றும் சனிக்கிழமையிலிருந்து புத்தகப் பையில் இருந்திருக்கிறது.

உள்ளே தறி அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் ராட்டையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். இப்போதுதான் காதைக் கொடுத்துக் கேட்டாள். நூலை அடித்து நெருக்குகிற பலகை வந்து மோதுகிற சத்தம் இருந்தது. அதற்கு நடுவே நாடா ஓடுகிற சின்னச் சத்தம் இல்லை. தறிக்காரி காதுக்கு அது தெரியாமல் போகாது. மூன்று நாளாக அது இல்லாததை அவள் கவனிக்கவில்லை. கவனிக்க அவளுக்கு மனமில்லை.

தறி அறையில் தினகரன் குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தான். மிதியை மாற்றி மாற்றி மிதித்தான். பலகையை இழுத்து அடித்தான். மறுபடியும் மிதித்தான், அடித்தான். துணி சனிக்கிழமை நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. பக்கத்துக் கூடையில், மூன்று நாளாக அவள் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்து போட்ட தார் எல்லாம் தொடாமல் கிடந்தது. அந்தக் கூடையை அவள் தினம் பார்த்தாள். வீம்புக்கு மெதுவாக நெய்கிறான் என்று நினைத்துக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே அதன் மேல் இன்னும் கொட்டிவிட்டு வந்தாள்.

"என்னாடா பண்ணிக்கினு இருக்க?"

அவன் திரும்பவில்லை. "சத்தம் நின்னா வந்து கேப்பீங்க இல்ல. அதான்."

பின்னால் வந்து நின்ற சுகாசினி குழலியின் முதுகில் கை வைத்து, "நேராக் கேட்டுடும்மா. சுத்தி வளைக்காத. கேக்குறதுல தப்பே இல்ல" என்று காதோடு சொன்னாள்.

குழலி போய்ப் பலகையைக் கையால் பிடித்து நிறுத்தினாள். பிறகு அவனுக்குப் பக்கத்தில், பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்த தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். தோள் தோளில் இடித்தது. இளைத்துப்போயிருந்தான்.

"தினா. செத்துப்போவணும்னு நெனக்கிறியா?"

அந்த வார்த்தையை அந்த வீட்டில் இதுவரை யாரும் சொன்னதில்லை. தினகரன் மிதியிலிருந்து காலை எடுத்தான்.

"தோணுதுக்கா. தெனமும் தோணுது."

"என்னா ஆச்சு? சொல்லு. நான் குறுக்க பேச மாட்டேன்."

அவன் சொன்னான். துண்டு துண்டாகச் சொன்னான். தை மாசத்திலிருந்தே தூக்கம் இல்லை. சோறு இறங்குவதில்லை. எதைத் தொட்டாலும் அலுப்பு. அதையெல்லாம் எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் புடவை வந்தது.

"அன்னிக்குப் பட்டு குடுக்கும்போது உங்கிட்ட மூணாவது தண்ணி போடச் சொன்னதா எனக்கு ஞாபகம் இருந்துச்சுக்கா. நீ கொடி பக்கத்துல நின்னுக்கினு இருந்த. பச்சை ஜாக்கெட்டு. எல்லாம் கண்ணு முன்னாடி நிக்குது. ஆனா நீ, நான் சொல்லவே இல்லன்ற. நீ பொய் சொல்ல மாட்ட. அப்ப நடக்காத ஒண்ணு எனக்கு நடந்த மாதிரி தெரியுது. என் புத்தி கெட்டுப்போச்சு. இன்னிக்கு ஒரு பொண்ணோட கல்யாணத்தக் கெடுத்தேன், நாளைக்கு அடுப்ப அணைக்காம விட்டு உங்க எல்லாரையும்... நீ கேட்டது சரிதான். நான் இருந்து என்னா பிரயோஜனம்?"

குறுக்கே பேச மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அவன் முடித்துவிட்டானா என்று பார்த்தாள். முடித்துவிட்டான். இனி பேச வேண்டியவள் அவள். பச்சை ஜாக்கெட் அந்த நிமிஷம் அவளுக்கும் ஞாபகம் வந்தது.

"நீ சொன்ன."

"என்னா?"

"நீ சொன்னடா. கொடி பக்கத்துல நின்னு சொன்ன. மூணாவது தண்ணி போட்டுடுன்னு சொன்ன. அன்னிக்குக் கொழாயில தண்ணி வரல. நான்தான் மறந்துட்டேன். பூவராகவன் வந்து நிக்கும்போதே எனக்குத் தெரியும். அத்தினி பேரப் பாத்ததும் பயந்துட்டேன். உம்மேல போட்டுட்டேன்."

"அப்ப நான் சொன்னேனா?"

"சொன்ன."

"நெஜமாவே சொன்னேனா?"

"காமாட்சி மேல சத்தியமா சொன்ன. உன் புத்திக்கு ஒண்ணும் ஆவல. எம்புத்திதான் நாறிப்போச்சு."

அவன் அழுவான் என்று குழலி எதிர்பார்த்தாள். அவளைக் கட்டிக்கொள்வான் என்றுகூட ஒரு மூலையில் நினைத்திருப்பாள். மனித மனசுக்கு அந்த ஆசை போகாது. அவன் இரண்டும் செய்யவில்லை. தோளை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தான்.

"பதினேழு நாளுக்கா. பல்லு தேச்சேனா இல்லையான்னுகூட ரெண்டு தடவை யோசிச்சிக்கினு இருந்தேன். உனக்குத் தெரிஞ்சிக்கினே பக்கத்து ரூம்ல உக்காந்து தார் சுத்திக்கினு இருந்த."

"ஆமாம்" என்றாள் குழலி. மன்னிச்சுடு என்று கேட்கக்கூட அன்றைக்கு அவளுக்குத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

கதையில் வரும் கவுண்டர் நிஜத்தில் எங்கே இருக்கிறது என்று சனிக்கிழமை ராத்திரியே சுகாசினி தேடிவைத்திருந்தாள். அரசின் இலவச மனநல உதவி எண், ஒன்று நாலு நாலு ஒன்று ஆறு. மாமாவின் எதிரில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டாள். எடுத்த பெண் தமிழில் பேசினாள். அவசரப்படாமல் கேட்டாள். தினகரனும் நாலு வார்த்தை பேசினான். இன்றைக்கே மனநல டாக்டரைப் பாருங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள் என்று அவள் சொன்னாள். மூன்று பேரும் ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். செய்தி கேட்டு மயில்வாகனம் பாதி ஷிப்டில் கம்பெனிச் சட்டையோடு நேரே அங்கே வந்துவிட்டார். வந்தவர் ஒன்றும் கேட்காமல் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா தினகரனோடு தனியாக முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு குழலியைக் கூப்பிட்டார்.

"இது ஒரு புடவையால வந்தது இல்லம்மா. ரொம்ப மாசமாவே உள்ள இருந்திருக்கு. இதுக்கு மருந்து இருக்கு, குணமாகும். கொஞ்ச நாளைக்கு யாராவது ஒருத்தர் கூடவே இருக்கணும். வெள்ளிக்கிழமை மறுபடி கூட்டிட்டு வாங்க."

"என்னால வந்தது இல்லன்றீங்களா டாக்டர்?"

"உங்களால மட்டும் வந்தது இல்ல" என்றார்.

அந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டுதான் குழலி வீடு திரும்பினாள். மட்டும். ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் அது உள்ளே குத்தியது.

விளக்கு வைக்கிற நேரம். தினகரன் கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்து மயில்வாகனம் ஊற்றிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தான். "நாடாவ நீ கேக்குறப்போ தரமாட்டேன் மாமா. டாக்டர் சொல்லட்டும், தர்றேன்" என்று சுகாசினி மிரட்டிக்கொண்டிருந்தாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

தெருமுனைக் கடையில் மருந்து வாங்கிவந்த குழலி செருப்பைக் கழற்றப் போன நேரம் வாசலில் நிழல் தட்டியது. எதிர்வீட்டுக் கங்கையம்மாள். அந்தத் தெருவில் அவள் காதுக்கு ஒரு செய்தி போனால் காமாட்சியம்மன் கோயில் வரைக்கும் போனமாதிரி. அன்றைக்குப் பாவு நீட்டிய இடத்தில் முதல் ஆளாக நின்று வேடிக்கை பார்த்தவளும் அவள்தான்.

"என்னா குழலி, பத்து மணிலருந்து உங்க வீட்டுத் தறிச் சத்தமே காணோம்? தினகரனுக்கு ஒடம்பு சரியில்லையா?"

சத்தம் நின்றது, ஆள் வந்தது. தினகரன் டம்ளரைக் கையில் வைத்தபடி அக்காவைப் பார்த்தான்.

ஜுரம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் அது வந்தேவிட்டது. குழலி வாசற்படியில் இறங்கித் தெருவில் நின்றாள். பதினேழு நாளுக்கு முன்னால் நின்ற அதே இடம்.

"ஒடம்பு சரியில்லதான் கங்கையக்கா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தோம். அவனை அப்படி ஆக்குனதுல எனக்குப் பங்கு இருக்குது. அன்னிக்கு நான் பொய் சொன்னேன். மூணாவது தண்ணி போடச் சொல்லி எங்கிட்ட அவன் சொன்னான். நான்தான் போடல. புடவை கெட்டது என்னால. நீங்க எல்லார்கிட்டயும் சொல்லுங்க. பூவராகவனுக்கும் சொல்லிடுங்க. நாளைக்கு நானே கடைக்குப் போய் அவரு மூஞ்சிக்கு நேரா சொல்றேன்."

குரல் வேண்டுமென்றே உரக்க வந்தது. பக்கத்து வீட்டில் ஒரு தறி நின்றது. அதற்கடுத்த வீட்டிலும் நின்றது.

கங்கையம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி" என்றாள். "அன்னிக்கு நானும்தானே அவனைப் பாத்து உச்சு கொட்டினேன்." குரலைத் தாழ்த்தினாள். "அது கெடக்கட்டும். அந்தக் கல்யாணப் பொண்ணு சேதி உனக்குத் தெரியாதா? காயத்ரின்னு பேரு. சகுனம் சரியில்லன்னு சொல்லி மாகறல்ல அம்மா வீட்டுலயே கொண்டாந்து விட்டுட்டாங்களாம். பத்து நாளா கதவச் சாத்திக்கினு உள்ளவே கெடக்குதாம். சோறும் இல்ல, பேச்சும் இல்ல. தாலிய மட்டும் கழட்டி அம்மா கையில குடுத்துட்டுதாம்."

ஒரு தண்ணீர். ஒரே ஒரு தண்ணீர் அலசாமல் விட்டது இன்னும் எத்தனை வீட்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறது?

உள்ளேயிருந்து தினகரன் குரல் வந்தது. களைத்த குரல்தான். ஆனால் பதினேழு நாளில் அவன் இன்னொருத்தருக்காகக் கேட்ட முதல் கேள்வி அது.

"அக்கா, அந்தப் பொண்ணுகிட்ட என்னா ஆச்சுன்னு யாராச்சும் உக்காந்து கேட்டாங்களா?"

கங்கையம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். குழலி உள்ளே திரும்பிப் பார்த்தாள். மயில்வாகனம் தினகரனை ஒட்டி உட்கார்ந்தபடியே, நான் இருக்கிறேன், நீ போ என்று கையைக் காட்டினார். அவள் செருப்பு இன்னும் காலிலேயே இருந்தது.

"கங்கையக்கா, மாகறலுக்கு இந்நேரத்துக்கு பஸ் இருக்குதா?"